கார்னிவல் ஆஃப் சோல்ஸ்: பார்வையாளர்கள் மீட்டெடுத்த ஒரு பேய்ப்படத்தின் வரலாறு

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' 1962-இல் அமெரிக்காவில் வெளியான கறுப்பு-வெள்ளைத் திகில் படம். ஹாலிவுட்டிலிருந்து வெகு தொலைவில், கேன்சஸ் மாநிலத்து லாரன்ஸ் என்னும் சிறு நகரில், சுமார் 30,000 டாலர் செலவில் எடுக்கப்பட்டது. வெளியான ஆண்டில் அதைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். விநியோகஸ்தர் திவாலானார், எடுத்தவர்கள் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் முப்பது ஆண்டுகளுக்குள் அதே படம் கலைப்பட அரங்குகளில் ஓடியது. இன்று அமெரிக்கப் பேய்ப்பட வரலாறு எழுதும் எவரும் அதைத் தாண்டிச் செல்வதில்லை. பெரிய நிறுவனமோ விருதோ விளம்பரமோ இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. தற்செயலாகப் பார்த்தவர்கள் அதை மறக்க முடியாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்சுதான் படத்தைக் காப்பாற்றியது. படத்தைப் பற்றிய கருத்துகள் உருவான விதமும் மாறிய விதமும் தனியாகப் பார்க்கத் தக்கவை.

எடுத்தவர்கள்

படத்தின் இயக்குநர் ஹெர்க் ஹார்வி 1924-இல் கொலராடோ மாநிலத்தில் பிறந்தவர். லாரன்ஸில் இயங்கிய சென்ட்ரான் நிறுவனத்தில் 1950-களின் தொடக்கத்திலிருந்து இயக்குநராகப் பணியாற்றினார். பள்ளிகளுக்கான கல்விப் படங்கள், ஆலைத் தொழிலாளருக்கான பாதுகாப்புப் படங்கள், நிறுவனங்களின் விளம்பரப் படங்கள் ஆகியவையே சென்ட்ரானின் தொழில். ஹார்வி அங்கே நூற்றுக்கணக்கான குறும்படங்களை எடுத்தார். கட்டுமான இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்பவர்களை எச்சரிக்கும் 'ஷேக் ஹேண்ட்ஸ் வித் டேஞ்சர்' (1980) அவற்றுள் பெயர்பெற்றது. திரைக்கதை எழுதிய ஜான் கிளிஃபோர்டும் சென்ட்ரானில் அவருடன் வேலை பார்த்தவர். ஒளிப்பதிவாளர் மாரிஸ் பிராதரும் அதே வட்டாரத்துத் திறமைசாலி.

இந்தத் தொழில் பின்னணியை அறியாமல் படத்தைப் புரிந்துகொள்ள முடியாது.  கல்விப் படங்களில் பலவற்றை உண்மையான கடை, வீடு, தெரு, ஆலை ஆகிய இடங்களிலேயே எடுத்தாக வேண்டும். நான்கைந்து பேர் கொண்ட குழு, கையில் தூக்கிச் செல்லக்கூடிய கேமரா, நடித்துப் பழகாத உள்ளூர் மக்கள், பிறகு சேர்க்கப்படும் குரல் ஆகியவை அங்கே அன்றாட நடைமுறை. ஹார்வி பேய்ப்படத்துக்கும் இதே நடைமுறையைத்தான் கையாண்டார். பார்வையாளர்கள் பிற்காலத்தில் குறை என்றும் நிறை என்றும் சொன்ன பெரும்பாலான இயல்புகள் இங்கிருந்தே பிறந்தவை.

சால்ட்ஏர்

படத்தின் விதை ஒரு கட்டடம். யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரிக்கரையில் 1893-இல் சால்ட்ஏர் என்ற உல்லாச மாளிகை திறக்கப்பட்டது. கீழைநாட்டுப் பாணிக் கவிகைமாடங்களுடன், ஏரிக்குள் அடித்த மரத்தூண்களின் மேல் அது நின்றது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து ரயிலில் வந்து குளிப்பதும், இரவில் அதன் பரந்த கூடத்தில் நடனமாடுவதும் இரண்டு தலைமுறை மக்களின் கோடைக்கால வழக்கம். 1925-இல் நெருப்பு அதை அழித்தது. மீண்டும் கட்டினார்கள், 1931-இல் மறுபடியும் தீ. பிறகு ஏரி நீர் உள்வாங்கியதால் நீரின் மேல் நின்ற மாளிகை உப்புப் படிந்த சேற்றுவெளியின் நடுவே நின்றது. காரும் சினிமாவும் மக்களை வேறு திசையில் இழுத்தன. 1950-களின் இறுதியில் அது மூடப்பட்டது.

கலிஃபோர்னியாவிலிருந்து கேன்சஸுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்த ஹார்வி அந்திப் பொழுதில் இந்தக் கைவிடப்பட்ட மாளிகையைக் கண்டார். அதன் நடனக் கூடத்தில் இறந்தவர்கள் ஆடுவதாக ஒரு காட்சி அவர் மனத்தில் எழுந்தது. ஊருக்கு வந்ததும் அந்த நடனத்தில் முடிகிற கதை ஒன்றை எழுதித் தருமாறு கிளிஃபோர்டைக் கேட்டார். மற்ற எல்லாவற்றையும் கிளிஃபோர்டின் விருப்பத்துக்கே விட்டார்.

கதை

மேரி ஹென்றி தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கும் இளம்பெண். தோழியரோடு அவள் சென்ற கார், வேகப் போட்டியொன்றில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. போலீசார் மணிக்கணக்கில் ஆற்றைத் துழாவியும் கார் கிடைக்கவில்லை. அப்போது சேறு படிந்த உடையோடு மேரி மட்டும் மணல்திட்டில் ஏறி வருகிறாள். எப்படித் தப்பினாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

சில நாட்களில் யூட்டாவில் ஒரு தேவாலயத்தில் வேலை ஏற்று அவள் தனியே காரோட்டிச் செல்கிறாள். வழியில் கார் ஜன்னலில் வெளிறிய முகமுடைய ஓர் ஆள் தெரிகிறான். அவன் தொடர்ந்து வருகிறான். ஊருக்கு வெளியே கிடக்கும் பாழடைந்த மாளிகை அவளைத் தன்பால் இழுக்கிறது. சில வேளைகளில் உலகத்தின் ஓசைகள் எல்லாம் நின்றுவிடுகின்றன. கடைக்காரர்களின் கண்ணிலும் வழிப்போக்கர்களின் கண்ணிலும் அவள் படுவதே இல்லை. தேவாலயத்தில் பயிற்சி செய்யும்போது அவள் விரல்கள் தாமாகவே வேறொரு இசைக்குள் நுழைகின்றன. அதைக் கேட்ட பாதிரியார் அவளை வேலையிலிருந்து நீக்குகிறார். கடைசியில் மாளிகையில் இறந்தவர்களின் நடனத்தைக் காண்கிறாள். வெளிறிய மனிதனோடு ஆடுவது தானே என்பதையும் காண்கிறாள். அவளைத் துரத்துகிறார்கள். மறுநாள் தேடி வந்தவர்களுக்கு மணலில் காலடித் தடங்கள் பாதியில் நின்றுபோனது மட்டுமே தெரிகிறது. கேன்சஸில் ஆற்றிலிருந்து கார் தூக்கப்படுகிறது. தோழியரின் சடலங்களோடு மேரியின் சடலமும் அதில் இருக்கிறது.

எடுத்த விதம்

ஹார்வி லாரன்ஸ் நகர வணிகர்களிடம் தலா சில நூறு டாலர் வீதம் கேட்டு 17,000 டாலர் ரொக்கம் திரட்டினார். மீதிச் செலவு, படம் ஓடினால் தருவதாகச் சொன்ன ஊதியங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால், அதே கறுப்பு-வெள்ளையில் சிக்கனமாக எடுக்கப்பட்டதாகப் பேசப்பட்ட ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) சுமார் 8,00,000 டாலர் விழுங்கியது. சென்ட்ரானில் மூன்று வார விடுப்பு எடுத்து, 1961-இல் ஹார்வி படப்பிடிப்பை முடித்தார்.

மேரியாக நடிக்க நியூயார்க்கில் நடிப்பாசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்கிடம் பயின்ற கேண்டஸ் ஹில்லிகாஸ் அழைத்து வரப்பட்டார். மற்றவர்களில் பெரும்பாலோர் லாரன்ஸ் வட்டாரத்து மேடை நடிகர்கள். மேரியின் அண்டை அறைக்காரன் ஜான் லிண்டனாக வந்த சிட்னி பெர்கர் பின்னாளில் நாடகத்துறைப் பேராசிரியரானார். வெளிறிய மனிதனாக ஹார்வியே முகத்துக்கு வெள்ளை பூசி நின்றார். விபத்துக் காட்சி லெகாம்ப்டன் அருகே கேன்சஸ் ஆற்றுப் பாலத்தில் எடுக்கப்பட்டது. ஆர்கன் தொழிற்சாலைக் காட்சி லாரன்ஸில் இயங்கிய ராய்ட்டர் ஆர்கன் நிறுவனத்தில் எடுக்கப்பட்டது. ஓடும் காருக்குள் எடுக்கும் காட்சிகளுக்கு அக்கால ஸ்டூடியோக்கள் பின்திரையில் சாலையை ஓடவிடும். ஹார்வியின் குழுவோ பேட்டரியில் இயங்கும் கைக்கேமராவோடு காருக்குள்ளேயே ஏறிக்கொண்டது. ஜீன் மூர் அமைத்த இசை முழுக்க ஆர்கன் ஒன்றிலேயே ஒலித்தது. நாயகியின் தொழிற்கருவியே படத்தின் பின்னணி இசையும் ஆனது.

கிளிஃபோர்டும் ஹார்வியும் ஐரோப்பியக் கலைப்படங்களைப் பார்த்தவர்கள். பெர்க்மனின் படங்களைப் போன்ற தோற்றமும் காக்தோவின் படங்களைப் போன்ற உணர்வும் வேண்டும் என்பதே இயக்குநரின் எண்ணம். சிற்றூர்ச் சிக்கனமும் இந்தக் கலை ஆசையும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் படத்தின் தனித்தன்மை.

முதல் பார்வையாளர்கள்

1962 செப்டம்பரில் லாரன்ஸில் முதல் காட்சி நடந்தது. பின்னர் ஹெர்ட்ஸ்-லயன் என்ற விநியோக நிறுவனம் படத்தை வாங்கி, சில நிமிடங்களை வெட்டி 78 நிமிடமாகக் குறைத்தது. லான் சேனி ஜூனியர் நடித்த 'தி டெவில்ஸ் மெசெஞ்சர்' படத்தோடு இணைத்து ஒரே டிக்கெட்டில் இரு படங்களாக, காரில் அமர்ந்தபடி பார்க்கும் டிரைவ்-இன் திரையரங்குகளுக்கு அனுப்பியது.

அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுக்கு வேண்டியது அலறலும் அரக்கனும் ரத்தமும். இந்தப் படமோ ஒரு பெண் தனியாக நடப்பதையும், ஒலி அடங்குவதையும், வெற்றுக் கூடத்தில் நிழல் நீள்வதையும் காட்டியது. காரின் ஜன்னலில் மாட்டிய சிறு ஒலிபெருக்கியில் மௌனத்தை யாரும் மௌனமாக உணர முடியாது. இயந்திரக் கோளாறு என்றே நினைக்க முடியும். தவறான அரங்கில், தவறான துணைப்படத்தோடு, தவறான எதிர்பார்ப்பின் நடுவே படம் கரைந்துபோனது. விநியோக நிறுவனம் நொடித்தது. முதலீடு செய்தவர்களுக்கு லாபம் வந்து சேரவில்லை. ஹார்வி சென்ட்ரான் வேலையைத் தொடர்ந்தார். இன்னொரு முழுநீளக் கதைப்படம் அவர் எடுக்கவே இல்லை.

பின்னிரவுத் தொலைக்காட்சி

வெளியான பிரதிகளில் பதிப்புரிமை அறிவிப்பு இடம்பெறவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையெனில் படைப்பு பொதுச்சொத்தாகிவிடும். தயாரித்தவர்களுக்கு இது பேரிழப்பு. ஆனால் படத்தின் ஆயுளுக்கு அதுவே வழிசெய்தது. யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டாத படத்தை உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் நள்ளிரவுக்குப் பின் வரும் பேய்ப்பட நேரத்தில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின.

டிரைவ்-இன்னில் குறையாகத் தெரிந்தவை இங்கே குணமாயின. வீடு அடங்கிய நேரம், பார்ப்பவர் தனியாள், பெரும்பாலும் சிறுவரோ தூக்கம் வராதவரோ. திரையில் ஒலி நின்றபோது அறையிலும் ஒலி இல்லை. தேய்ந்த பிரதியின் மங்கலும் கோடுகளும் கனவின் இயல்பைக் கூட்டின. பலர் பாதியிலிருந்து பார்த்தார்கள்; படத்தின் பெயரை அறியாமலேயே வெள்ளை முகத்தையும் நடனக் கூடத்தையும் நினைவில் சுமந்தார்கள். இந்தப் படத்தைப் பற்றிப் பிற்காலத்தில் பேசியவர்களின் கூற்றுகளில் இந்த அனுபவம் அடிக்கடி தலைகாட்டுகிறது: சிறுவயதில் இரவில் எதையோ பார்த்தது, பல ஆண்டு கழித்து அது இன்ன படம் என்று கண்டுபிடித்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விமரிசகர்களின் துணையின்றி, இந்தத் தனித்தனி நினைவுகளிலேயே படம் உயிரோடு இருந்தது.

1989-இன் மறுவெளியீடு

1980-களின் இறுதியில் அந்த நினைவுகள் ஒன்றுதிரண்டன. லாரன்ஸில் படக்குழுவினர் மீண்டும் கூடினார்கள். 1989-இல் படம் திரைவிழாக்களிலும் பெருநகரங்களின் கலைப்பட அரங்குகளிலும் மறுவெளியீடு கண்டது. சிகாகோவின் ரோஜர் ஈபர்ட் உள்ளிட்ட முன்னணி விமரிசகர்கள் அதைப் பாராட்டி எழுதினார்கள். 27 ஆண்டுகளுக்கு முன் இரண்டாந்தரச் சரக்காகத் தள்ளப்பட்ட படத்துக்கு முதன்முறையாக அதற்கேற்ற பார்வையாளர்கள் அமைந்தார்கள். பெர்க்மனையும் காக்தோவையும் அறிந்த அவர்கள், இயக்குநர் எதை நாடினார் என்பதை உடனே கண்டுகொண்டார்கள். 1996-இல் ஹார்வி மறைந்தார். தன் ஒரே முழுநீளப் படம் மதிக்கப்படுவதை அவர் கண்ணால் பார்த்துவிட்டே போனார்.

கருத்துகள் பிரியும் இடங்கள்

அங்கீகாரம் வந்த பிறகும் பார்வையாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சில கேள்விகளில் அவர்கள் இன்றும் எதிரெதிர் நிற்கிறார்கள்.

முதலாவது, நடிப்பு. துணைப் பாத்திரங்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள், உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை, நாயகியின் முகத்தில் உணர்ச்சி இல்லை என்பவை வழக்கமான குறைகள். முதல் இரண்டும் மறுக்க முடியாதவை. அவை பணமின்மையின் நேரடி விளைவு. மூன்றாவது வேறு வகையைச் சேர்ந்தது. மேரி உயிரோடிருப்பவர்களின் உலகில் ஒட்டாதவள். தேவாலய வேலை அவளுக்குப் பக்தியில்லாத வெறும் பிழைப்பு. ஆணின் துணை அவளுக்குத் தேவைப்படவில்லை. ஹில்லிகாஸ் அந்த விலகலைக் கண்ணிலும் நடையிலும் முதல் காட்சியிலிருந்தே வைத்திருக்கிறார். முடிவை அறிந்து இரண்டாம் முறை பார்ப்பவர்கள் அந்த நடிப்பின் துல்லியத்தை உணர்கிறார்கள். 

இரண்டாவது, முடிவு. எளிதில் ஊகித்துவிடலாம் என்பது பலரின் புகார். சாகும் தறுவாயில் ஒருவன் மனத்தில் விரியும் தப்பித்தலைச் சொல்லும் ஆம்ப்ரோஸ் பியர்ஸின் ஆவ்ல் கிரீக் பாலச் சிறுகதை 1890-இலேயே வந்துவிட்டது. காரில் தனியே பயணம் செய்யும் பெண்ணை ஓர் ஆள் தொடர்வதும், அவள் முன்பே இறந்தவள் என்று தெரிவதும் 1960-இல் 'ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடரின் 'தி ஹிட்ச்-ஹைக்கர்' கதையில் இடம்பெற்றன. ஆகவே கருப்பொருள் புதிதன்று. ஆனால் திருப்பத்தை மறைத்து வைப்பது இந்தப் படத்தின் நோக்கமும் அன்று. தான் இறந்ததை ஏற்காத ஒருத்தியின் தனிமையே அதன் பொருள். முடிவை அறிந்த பின்னும் அதன் பிடி தளராததே இதற்குச் சான்று.

முடிவின் தருக்கம் பற்றியும் வாதம் உண்டு. எல்லாமே மேரியின் இறுதிக் கணத்துக் கனவு என்றால், அவள் இல்லாத காட்சிகள் எங்கிருந்து வந்தன? மணலில் தடம் பார்ப்பவர்கள் யாருடைய கனவு? அவள் பேயாக நடமாடினாள் என்றால், அவளுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரியும் பாதிரியாரும் அவளைப் பார்த்த மருத்துவரும் அவளோடு பேசியது எப்படி? படம் எந்த விளக்கத்துக்கும் முழுதாகப் பொருந்துவதில்லை. சிலர் இதைத் திரைக்கதையின் ஓட்டை என்கிறார்கள். இரண்டு உலகுக்கும் நடுவே அவள் தொங்குவதை உணர்த்த அந்த நிச்சயமின்மை தேவை என்கிறவர்களின் வாதமே வலுவானது. படத்தின் ஒவ்வொரு காட்சியும் அந்த இடைநிலையில்தான் நிகழ்கிறது.

மூன்றாவது, வேகம். எதுவும் நிகழாமல் நீள்கிறது என்று சொல்பவர்களும், அந்த நிதானமே அச்சத்தை ஊறவைக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். ஆர்கன் இசையும் இப்படியே: விடாமல் ஒலித்துச் சலிப்பூட்டுகிறது என்பது ஒரு தரப்பு, அது நின்றால் படமே இல்லை என்பது மறு தரப்பு.

கருத்து வேறுபாடு மிகக் குறைவாக உள்ள இடம் ஓசையற்ற காட்சிகள். துணிக்கடையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வரும் மேரி பேசுகிறாள். விற்பனைப் பெண் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தெருவில் வாகனங்கள் ஓசையின்றி ஓடுகின்றன. பூங்காவில் ஒரு மரத்தைப் பற்றி நிற்கும்போது பறவையின் குரலோடு உலகம் திரும்பி வருகிறது. படத்தைக் குறைசொல்பவர்கள்கூட இந்தக் காட்சிகளுக்குத் தலைவணங்குகிறார்கள். செலவு ஏதுமில்லாமல், ஒலிப்பட்டையை நிறுத்தியதாலேயே பிறந்த அச்சம் இது.

காலம் செல்லச் செல்லக் கவனம் பெற்றது ஜான் லிண்டன் பாத்திரம். அண்டை அறையில் தங்கி, மேரி மறுத்தும் விடாமல் கதவைத் தட்டும் இவன் 1962-இல் வெறும் துணைக்கதை. இன்றைய பார்வையாளர்களில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வெள்ளை முகப் பேயைவிட இவனே அதிகம் அச்சமூட்டுகிறான். தனியாக வாழ விரும்பும் பெண்ணைப் பாதிரியார், மருத்துவர், அண்டை அறைக்காரன் ஆகிய மூவரும் மூன்று விதமாகத் திருத்த முயல்வதைக் காட்டும் படமாகவும் அது இப்போது வாசிக்கப்படுகிறது. சிட்னி பெர்கரின் நடிப்பு இந்த வாசிப்புக்கு முழுமையாகத் தாக்குப்பிடிக்கிறது.

பின்தொடர்ந்தவையும் மீட்டெடுத்த பிரதியும்

பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துவந்த ஜார்ஜ் ரொமேரோவின் குழு 1968-இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை வெளியிட்டது. அதே தொழில் பின்னணி, அதே கறுப்பு-வெள்ளை, வெளிறிய முகத்தோடு நகரும் இறந்தவர்கள், பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப் பொதுச்சொத்தான அதே விதி. ஆனால் அது பெரும் வசூல் கண்டது. ஹார்வியின் படம் அதற்கு முன்னோடி என்பது பேய்ப்பட ரசிகர்களிடையே வேரூன்றிய கருத்து. டேவிட் லிஞ்சின் படங்களில் வரும் கனவுத்தன்மையோடும் பலர் இதை ஒப்பிடுகிறார்கள். 1998-இல் அதே பெயரில், வண்ணத்தில், கூடுதல் செலவில் வேறொரு கதையோடு வந்த படத்தைப் பார்வையாளர்கள் ஏற்கவில்லை. பெயரை எடுத்துக்கொண்ட அந்தப் படத்தால் பழைய படத்தின் வெறுமையை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2000-இல் கிரைட்டீரியன் நிறுவனம் 78 நிமிட வடிவத்தையும் வெட்டப்பட்ட பகுதிகள் சேர்ந்த நீண்ட வடிவத்தையும் டிவிடியாக வெளியிட்டது. ஹார்வியின் சென்ட்ரான் படங்களிலிருந்தும் சில பகுதிகள் அதில் சேர்க்கப்பட்டன. 2016-இல் புதுப்பித்த பிரதியோடு ப்ளூ-ரே வந்தது. மங்கலான பிரதிகளில் மறைந்திருந்த ஒப்பனைப் பூச்சு இதில் தெளிவாகத் தெரிகிறது. அதைவிடத் தெளிவாகத் தெரிகிறது பிராதரின் ஒளிப்பதிவு: தூண்களின் நிழல், கூடத்தின் தோரணங்கள், உப்புவெளியின் வெண்மை. மங்கல்தான் படத்தைக் காப்பாற்றியது என்ற சந்தேகத்தை இந்தப் பிரதி தீர்த்துவைத்தது.

படத்துக்குக் காரணமான மாளிகை 1970-இல் தீக்கிரையானது. அதற்குச் சற்றுத் தொலைவில் 1981-இல் அதே பெயரில் புதுக்கட்டடம் எழுந்தது. அது இசை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுகிறது. பழைய சால்ட்ஏரின் கடைசி ஆண்டுகளின் உட்புறத்தை விரிவாகக் காட்டும் ஆவணமாகவும் படம் இன்று பயன்படுகிறது.

இந்த வரலாறு ஒன்றை உறுதிப்படுத்துகிறது. ஒரு படத்தைப் பற்றிய கருத்து, அது எங்கே, எந்த நேரத்தில், எந்தப் பிரதியில், எதை எதிர்பார்த்து வந்தவருக்குக் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. டிரைவ்-இன்னில் தோற்றதும் நள்ளிரவு வீட்டில் பிடித்ததும் கலைப்பட அரங்கில் போற்றப்பட்டதும் ஒரே படம்தான். குறைந்த பணத்தில் எடுத்த ஆயிரம் பேய்ப்படங்கள் மறைந்துபோக இது நின்றதற்குக் காரணம், இல்லாமையை மறைக்காமல் அதையே தன் வடிவமாக்கிக்கொண்டதுதான். ஆள் குறைவு தனிமையாயிற்று. ஒலிக்கருவிக் குறைவு மௌனமாயிற்று. அரங்கம் கட்டப் பணமின்மை உண்மையான பாழ்மாளிகைக்குள் கொண்டு சேர்த்தது. பார்வையாளர்கள் குறைகளை எண்ணிக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததற்கு இதுவே காரணம்.